சோற்றுருண்டையின் கன்னத்தில் ஒரு பொட்டு

1

கேரளத்து எருத்தேன்பதியிலிருந்து நான் இந்தத் தீவுக்கு வந்து நான்கு ஆண்டுகள் நிறைவுற்ற அதே காலையில், என் பேத்தியின் முகத்தை இத்தாலிய அரசு ஏற்க மறுத்தது.

முழுமுகத்தையும் அன்று, இடக்கன்னத்தை மட்டும். அங்கே மிளகளவில் ஒரு கரும்பொட்டு இருந்தது. வைத்தவன் நான். மை, ஊரில் என் தங்கை இராமாத்தாள் விளக்கெண்ணெய் விளக்கின் புகையைச் செப்புத்தட்டில் பிடித்து, குழைத்து, சிறு தகரச் சிமிழில் அடைத்து அனுப்பியது. வான்வழியே பல நாடுகளைத் தாண்டி வந்த மை, அலுவலகக் கண்ணாடிச் சாளரம் ஒன்றைத் தாண்ட இயலாமல் நின்றது.

பத்து மாதக் குழந்தைக்கும் இங்கே வதிவுரிமை அட்டை வேண்டும். அதற்கு ஒளிப்படம் வேண்டும். படத்தைக் கையில் எடுத்த அலுவலக அம்மையார் அதனை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பொட்டு பெயரவில்லை.

"முகத்தில் கறை இருக்கிறது. ஏற்க இயலாது."

என் இத்தாலிய மொழி இலக்கண நூலிலிருந்து கற்றது. ஆதலால் சற்று நீளமானது. "மதிப்புக்குரிய அம்மையீர், தாங்கள் கறை எனக் கருதுவது கறையன்று, அது பாதுகாப்பு" என்றேன்.

"பேரிடர்ப் பாதுகாப்பு அலுவலகம் அடுத்த தெருவில்" என்று அவர் கைகாட்டினார்.

அடுத்த முன்பதிவு இரண்டு திங்கள் கழித்தே கிடைத்தது. இதற்கென விடுப்பு எடுத்து வந்திருந்த என் மகள் கயல்விழி, படிக்கட்டை விடுவிடுவென இறங்கினாள். தெருவுக்கு வந்ததும் தள்ளுவண்டியை நிறுத்தினாள்.

"ஏனுங்கப்பா, படம் எடுக்கறதுக்கு முன்னாலயே தொடச்சு வுடுங்கன்னு சொன்னனா இல்லியா?"

"துடைத்தேன் அம்மா. பிறகு, வெறும் முகமாக இருந்ததால்..."

"மறுக்கா வெச்சுட்டீங்க."

"சிறிதாக."

"இனிமே பாப்பா மூஞ்சியில மை வெச்சீங்கன்னா அந்த டப்பாவ கடல்ல வீசிருவனுங்க. நெசமாலுமே சொல்றேன்."

கடல் அங்கிருந்து நூறடி தொலைவில் இருந்தது. நான் சட்டைப்பையிலிருந்த சிமிழை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

2

முகத்தில் குறி இருந்தால் ஆள் இன்னாரென்று அறிய இயலாது என்பது இந்த நாட்டின் கொள்கை. நான் பணியாற்றிய நாட்டின் கொள்கை இதற்கு நேர் எதிரானது. கேரளத்துத் தமிழ்வழிப் பள்ளிகளில் ஆசிரியனாக இருந்த காலத்தில், பத்தாம் வகுப்புச் சான்றேட்டில் ஒவ்வொரு மாணவருக்கும் இரண்டு அங்க அடையாளங்களை எழுதியாக வேண்டும். ஒன்று போதாது. இரண்டு.

தேவிகுளத்தில் பணிபுரிந்த ஆண்டுகளில் இது எனக்குப் பெருந்துன்பமாக அமைந்தது. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் வரிசையாக வந்து மச்சம் காட்டுவர். முழங்கை, கழுத்து, காதுமடல் என எழுதிக்கொண்டே போவேன். ஒருமுறை ஒரு மாணவியிடம் தேடித் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை.

"சார், எனக்கு மச்சமே இல்ல சார்" என்று அவள் அழத் தொடங்கினாள்.

அவளுடைய தோழி அவளைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "ஆமா சார், இவ சுத்தமா இருக்கா சார். ஒண்ணுமே இல்ல. பரீட்ச எழுத விட மாட்டாங்களா சார்?" என்றாள். பிறகு அவள் காதில், ஆனால் வகுப்பு முழுதும் கேட்கும்படி, "ஏட்டி, பேனாவால ரெண்டு வச்சுக்கயேன்" என்றாள்.

வைத்துக்கொண்டாள். நானும் கண்டுகொள்ளாமல் எழுதினேன்: இடக்கன்னத்தில் ஒரு கரும்புள்ளி, மோவாயில் ஒரு கரும்புள்ளி. அரசு ஏற்றுக்கொண்டது. புள்ளியே இல்லாத முகத்தை நம்பாத அந்த அரசை இப்போது அன்போடு நினைத்துக்கொள்கிறேன்.

3

கயல்விழியின் தொழிலைப் பற்றி ஊரில் பலரும் கேட்கிறார்கள். "கம்ப்யூட்டர்ல பெயிண்ட் அடிக்குது" என்று இராமாத்தாள் சொல்லிவருவதாக அறிகிறேன். அது பிழையன்று, போதுமானதும் அன்று.

அசைபடம் செய்யும் நிறுவனம் ஒன்றில் அவள் வேலை பார்க்கிறாள். கணினிக்குள் ஒரு பாத்திரத்தை முதலில் வேறொருவர் களிமண் பொம்மைபோலச் சாம்பல் நிறத்தில் வடித்துத் தருவார். அதற்கு மேல்தோல் அமைப்பவள் என் மகள். நிறம், சொரசொரப்பு, ஈரம், எண்ணெய்ப் பளபளப்பு யாவும் அவள் பொறுப்பு. 'டெக்ஸ்சர்' என்கிறார்கள். நான் 'வண்ணத்தோல்' என்று பெயர் சூட்டினேன். அதற்குமுன் ஆறு சொற்களைப் படைத்துக் கைவிட்டேன். கயல்விழி ஏழையும் பொறுமையோடு கேட்டுவிட்டு, "டெக்ஸ்சர்னே சொல்லிக்கலாங்கப்பா" என்றாள்.

இம்முறை அவளிடம் வந்தது ஒரு சோற்றுருண்டை. அரன்சீனோ என்பது இத்தீவின் பழம்பெரும் தின்பண்டம். குங்குமப்பூ சேர்த்து வடித்த சோற்றை உருட்டி, நடுவே இறைச்சிக் குழம்பும் பட்டாணியும் பாலாடைக்கட்டியும் பொதிந்து, ரொட்டித்தூளில் புரட்டி எண்ணெயில் பொரிப்பர். எங்கள் நகரத்தில் அதற்கு எட்னா எரிமலைபோலக் கூரிய உச்சியும் உண்டு. (இராமாத்தாளுக்கு இதனை விளக்கியபோது, "அட, சோத்துப் போண்டாங்களா" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாள்.) துறைமுகத் தெருவில் அரன்சீனோ பொரித்து விற்கும் கடை நடத்தும் தோன் நீனோ என்னும் முதியவர், தம் கடைக்காக ஒரு விளம்பரப் படம் கேட்டிருந்தார். அதன் தலைவி, கையும் காலும் பெரிய கண்களும் கொண்ட ஒரு சோற்றுருண்டைச் சிறுமி. அவருடைய மறைந்த அன்னையின் பெயரால் அவளுக்கு அகத்தீனா என்று பெயர். அவளுக்குப் பின்னால் நின்று பாட, நாற்பது உடன்பிறப்புகள்.

தோன் நீனோ இருமுறை மறுத்திருந்தார். முதல் முறை, "இது நேற்றுப் பொரித்தது" என்றார். மறுமுறை, "இது என் எதிரி கடையில் பொரித்தது" என்றார். மூன்றாவது முறையும் மறுத்தால் அவர் வேறு நிறுவனத்தை நாடுவார். ஆறுமாத ஒப்பந்தத்தில் இருக்கும் கயல்விழிக்கு நிலையான பணி கிட்டாது. பணி இல்லையெனில் எங்கள் மூவருக்கும் இங்கே வதிய உரிமை இல்லை. மாப்பிள்ளை சரக்குக் கப்பலில் பொறியாளர். அவர் இருப்பிடம் எப்போதும் ஏதேனும் ஒரு கடல். ஆகவே எங்கள் குடும்பத்தின் எதிர்காலம் ஒரு சோற்றுருண்டையின் மேல்தோலில் நின்றது என்று நான் எழுதுவது அணியன்று, நிலவரம்.

கயல்விழி தோன் நீனோவின் கடையிலிருந்தே பன்னிரண்டு உருண்டைகளை வாங்கிவந்து சாளர வெளிச்சத்தில் வைத்தாள். ஒவ்வொன்றையும் எல்லாப் பக்கமும் படமெடுத்தாள். ரொட்டித்தூள் எங்கே பொன்னிறம், எங்கே செம்பழுப்பு, எண்ணெய் எங்கே தங்கும், எங்கே வழியும் என்றெல்லாம் குறித்தாள். படமெடுத்து முடிந்ததும் சான்றாதாரங்களை நாங்கள் உண்டோம். மூலத்தை ஒப்புநோக்கிய பின் உண்டுவிடும் ஆய்வுமுறை எனக்குப் புதிது, ஆயினும் உடன்பாடானது.

மூன்று வாரங்களில் அகத்தீனா உயிர்பெற்றாள். தொட்டால் மொறுமொறுக்கும் போலிருந்தது. நானும் தொட்டேன். "திரையில கை வெக்காதீங்க" என்றாள் மகள்.

4

தோன் நீனோ பார்வையிட வேண்டிய நாளுக்கு முந்தைய நாள், மதியம் இரண்டு மணி. இத்தீவு முழுதும் உறங்கும் நேரம். கயல்விழியும் குழந்தை யாழினியும் உள்ளறையில் துயின்றனர். முன்னறையில் கணினி விழித்திருந்தது, நானும்.

இராமாத்தாள் காணொளியில் அழைத்தாள். அவளுக்குப் பின்னால் தென்னந்தோப்பும், கழுத்தை நீட்டிக் கைபேசியைப் பார்க்கும் ஓர் எருமையும் தெரிந்தன.

"ஏனுங்ணா, பாப்பாளுக்குப் பொட்டு வெச்சீங்களா?"

"வைக்கக் கூடாதென்று ஆணை."

"அய்யோ, யாருங்ணா சொன்னது?"

"உன் மருமகளும் இத்தாலிய அரசும்."

"கெவருமெண்டுக்குப் புள்ள வளக்கத் தெரியுமாங்?" என்றாள். நான் பேச்சை மாற்றுவதற்காகக் கைபேசியைத் திரைப்பக்கம் திருப்பி அகத்தீனாவைக் காட்டினேன். அதுதான் பிழை.

"அடேயப்பா! என்னங்ணா இப்புடி இருக்குது! கன்னத்தப் பாருங்க, கிள்ளி எடுத்துக்கலாமாட்ட. கண்ணப் பாருங்க. மூணு வாரமாக் கண்ணு முழிச்சுச் செஞ்சுதுங்களா நம்ம கயலு? நாளைக்கு ஊரு நாடே பாக்கும். எத்தன கண்ணு படுமோ போங்க" என்று சொல்லிவிட்டு, எருமை கயிற்றை அறுத்துக்கொண்டதால் அழைப்பைத் துண்டித்தாள்.

நான் அகத்தீனாவைப் பார்த்தேன். இருமுறை மறுக்கப்பட்ட பிள்ளை. நாளை மூன்றாம் முறை. முகத்தில் ஒன்றுமே இல்லை.

வண்ணத்தோல் கணினியில் தட்டையாக விரித்தே வைக்கப்பட்டிருக்கும். பலாப்பழத்தைப் பிளந்து தோலை மட்டும் உரித்துப் பரப்பியதுபோல. அதில் கண்ணுக்கு அருகே கன்னத்தை நான் எளிதில் கண்டுகொண்டேன். மகளின் மின்னெழுதுகோல் பலகைமேல் கிடந்தது. கருநிறத்தைத் தொட்டேன். மிளகளவில் ஒன்று வைத்தேன். கணினியில் சேமிக்கும் விசை எனக்குத் தெரியும். என் கட்டுரைகள் மூன்று காணாமற்போன பிறகு கற்றது. அதையும் அழுத்தினேன்.

பிறகு மனம் நிறைந்து நானும் உறங்கினேன். நான்கு மணிக்கு எழுந்த கயல்விழி, எல்லாம் முடிந்ததென்று எண்ணி, திறந்து பாராமலேயே வண்ணத்தோலை நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டாள். அங்கே கணினிகள் அதனைப் பாத்திரங்களுக்குப் போர்த்திப் படமாக்கிக்கொள்ளும்.

5

மறுநாள் குழந்தைகள் காப்பகத்தில் வேலைநிறுத்தம். இந்நாட்டில் இது மழைபோல முன்னறிவிப்போடு வரும். ஆயினும் எவரும் குடை எடுத்துச் செல்வதில்லை. ஆதலாலும், அகத்தீனாவைப் பெரிய திரையில் காணும் ஆவலாலும், யாழினியை மடியில் வைத்துக்கொண்டு நானும் நிறுவனத்தின் திரையறையில் கடைசி இருக்கையில் அமர நேர்ந்தது. நிறுவனத் தலைவி லூச்சியா, கயல்விழி, தோன் நீனோ. விளக்கணைந்தது.

அகத்தீனா எண்ணெயிலிருந்து துள்ளி எழுந்தாள். இடக்கன்னத்தில் பொட்டு. நான் நிமிர்ந்து அமர்ந்தேன். அவள் முகத்தைத் திருப்பினாள். வலக்கன்னத்திலும் பொட்டு.

நான் ஒன்றுதான் வைத்தேன். இதனை இங்கே ஆணித்தரமாகப் பதிவுசெய்ய விரும்புகிறேன். முகத்தின் ஒரு பாதியைத் தீட்டி, மறுபாதிக்குக் கண்ணாடியில் காட்டுவதுபோல் அதனையே போர்த்துவது இத்தொழிலின் வழக்கம் என்பதை அதன்பின்னரே அறிந்தேன். அதைவிடக் கொடியதையும் அறிந்தேன்: உடன்பிறப்புகள் நாற்பதின்மருக்கும் அதே தோல்தான்.

அவர்கள் வரிசையாகத் தோன்றிப் பாடினார்கள். எண்பது பொட்டுகள். அகத்தீனாவினுடையவற்றையும் சேர்த்து எண்பத்திரண்டு.

"கருகல்!" என்று தோன் நீனோ எழுந்தார். "என் எண்ணெயை நான் நாள்தோறும் காலையில் மாற்றுகிறேன்! என் கடையில் கருகியதைத் தெருநாய்க்கும் கொடுத்ததில்லை! என் தாயின் முகத்தில் கருகல்!"

விளக்கு எரிந்தது. லூச்சியா கயல்விழியைப் பார்த்தார். கயல்விழி திரையைப் பார்த்தாள். பின்னர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். முப்பதாண்டு ஆசிரியப் பணியில் எத்தனையோ மாணவர்களை நான் அவ்வாறு பார்த்திருக்கிறேன்; பார்க்கப்பட்டது அன்றுதான்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். "மதிப்புக்குரிய ஐயா, குற்றம் என் மகளுடையதன்று. அவள் அறியாள். அது நான் வைத்தது."

"நீங்கள் வைத்தீர்களா? ஏன்?"

கண்ணேறு என்பதற்கு இத்தாலியச் சொல் என் இலக்கண நூலில் இல்லை. எனவே நடித்துக் காட்டினேன். என் கண்ணைத் தொட்டேன். அகத்தீனாவைச் சுட்டினேன். பிறகு யாழினியைச் சுட்டி, வாந்தி, வயிற்றுவலி, காய்ச்சல், ஓயாத அழுகை ஆகியவற்றை முறையே காட்டினேன். யாழினிக்கு அது பிடித்திருந்தது, கைதட்டினாள்.

தோன் நீனோவின் முகம் வெளுத்தது. "என் அரன்சீனோவைத் தின்று இந்தக் குழந்தைக்கு வாந்தியா? காய்ச்சலா?"

"இல்லை, இல்லை. தின்னவில்லை. பார்த்ததால்..."

"பார்த்ததற்கே வாந்தியா!"

லூச்சியா நாற்காலியில் அமர்ந்துவிட்டார். அப்போது கயல்விழி இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு, விரல்களுக்கிடையே ஒரே ஒரு சொல்லைச் சொன்னாள்.

"மலோக்கியோ."

என் நூலில் இல்லாத சொல் அது. தோன் நீனோ சட்டெனக் குனிந்து நாற்காலியின் இரும்புக்காலைப் பற்றிக்கொண்டார். தீயது நெருங்கும்போது இரும்பைத் தொடுவது இவ்வூர் வழக்கம். பற்றியவாறே கேட்டார்: "கண் வைத்தது யார்?"

அவர் பார்வை லூச்சியாவின்மேல் விழுந்தது. "நானில்லை!" என்றார் லூச்சியா.

"எவரும் இல்லை. இனி வைக்கக்கூடும் என்பதற்காக" என்றேன். "அழகான பிள்ளையின் முகத்தில் எங்கள் ஊரில் ஒரு கரும்பொட்டு வைப்போம். பார்ப்பவர் கண் முதலில் அதில் தடுக்கி விழும்."

முதியவர் நாற்காலிக்காலை விட்டார். சட்டைக்குள் கைவிட்டு, சங்கிலியில் கோத்த சிவப்புப் பவழக் கொம்பு ஒன்றை வெளியே எடுத்தார். "இது என் தாய் கொடுத்தது. ஐயா, தங்கள் நோக்கம் உயர்ந்தது. ஆனால் முறை தவறு. காவலை முகத்திலா வைப்பது? தெரிந்துவிட்டால் கண்ணேறு அதைச் சுற்றிக்கொண்டு போய்விடாதா? மறைத்தல்லவா வைக்க வேண்டும்!"

"மறைத்தால் கண் எதில் தடுக்கும்?"

"தடுக்க வேண்டாம். கொம்பு குத்தட்டும்."

ஒத்த அகவையும் ஒத்த பிடிவாதமும் கொண்ட ஓர் எதிர்வாதியை நான்காண்டுகளில் முதன்முறையாகச் சந்தித்தேன். வாதம் அரைமணி நேரம் நீண்டது. என் இத்தாலியம் அத்தனை சரளமாக அதற்குமுன் வந்ததில்லை, பின்னும் வரவில்லை. லூச்சியா மூன்றுமுறை கடிகாரத்தைப் பார்த்தார். இறுதியில் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. கைக்குழந்தைகளுக்கு எங்கள் பக்கம் உள்ளங்காலிலும் பொட்டு வைப்பதுண்டு. அதனைச் சொன்னேன்.

தோன் நீனோ சிந்தித்தார். "உள்ளங்கால். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இருக்கும். ஆம். அங்கே வையுங்கள்."

"படத்தில் உள்ளங்கால் எங்குமே தெரியாதே" என்றார் லூச்சியா.

"தெரியக் கூடாது என்றுதானே இவ்வளவு நேரம் பேசினேன்?"

"அந்த நாற்பது பேருக்கும்?" என்று மெல்லிய குரலில் கேட்டாள் கயல்விழி.

"பிள்ளைகளுக்குள் வேறுபாடு பார்ப்பதா?" என்றார் தோன் நீனோ.

"சரி. மற்றபடி?" என்றார் லூச்சியா. அறையில் மூச்சுவிட்டவள் யாழினி மட்டுமே.

முதியவர் திரைக்கு அருகே சென்றார். அகத்தீனாவின் கன்னத்தருகே முகத்தை வைத்து, கண்மூடி, ஆழ்ந்து முகர்ந்தார். திரைக்கு ஒரு மணமும் கிடையாது என்பதை அவருக்கு எவரும் நினைவூட்டவில்லை.

"மற்றபடி, இது இன்று காலை பொரித்தது" என்றார்.

6

பேருந்தில் கயல்விழி சாளரப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சினமா?" என்றேன்.

"எம்பத்திரண்டுங்கப்பா."

"நான் வைத்தது ஒன்று."

"எம்பத்திரண்டு பொட்டு. நான் மூணு வாரம் ஒக்காந்து ஒவ்வொரு தூளாப் பாத்துப் பாத்து வெச்சது. நீங்க வந்து ஒரே சொட்டு." தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று அஞ்சினேன். சிரித்துக்கொண்டிருந்தாள். "பாத்ததுக்கே வாந்தியாங்கறாரு அந்தாளு!" என்று சொல்லிவிட்டு, முன்னிருக்கைக்காரர் திரும்பிப் பார்க்குமளவுக்குச் சிரித்தாள்.

அன்று மாலையே கன்னங்களைத் துடைத்து உள்ளங்கால்களில் பொட்டு வைத்தாள். எவர் கண்ணிலும் படப்போகாத இடத்துக்கு ஒருமணி நேரம் செலவிட்டாள். விளிம்பு தெளிவாக இருந்தால் ஒட்டவைத்ததுபோல் தெரியுமாம், ஆதலால் சற்றே கலைத்துவிட்டாள். பணி நிலையானது. அந்தத் தாளில் அவள் ஒப்பமிட்ட அன்று, தோன் நீனோவின் கடையிலிருந்து சூடாகப் பன்னிரண்டு உருண்டைகள் வந்தன. ஒன்றுகூடக் கருகவில்லை.

இரண்டு திங்கள் கழித்து யாழினியின் புதிய ஒளிப்படத்தோடு மீண்டும் அந்த அலுவலகம் சென்றோம். அம்மையார் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெண்ணெய்போன்ற முகம், குறை ஒன்றுமில்லை. "அழகு, அழகு, எவ்வளவு அழகு!" என்று மும்முறை கூறி முத்திரை குத்தினார். நான் திகைத்துக் கயல்விழியைப் பார்த்தேன். அவள் சிறிதும் கலங்காமல் அட்டையை வாங்கிப் பைக்குள் வைத்தாள்.

வீட்டுக்கு வந்து குழந்தையின் காலுறைகளைக் கழற்றியபோதுதான் கண்டேன். உள்ளங்கால் ஒவ்வொன்றின் நடுவேயும் ஒரு கரும்பொட்டு, விளிம்பு சற்றே கலைந்து, மிக நேர்த்தியாக. என் சட்டைப்பையிலிருந்த சிமிழைத் திறந்து பார்த்தேன். மையின்மேல் என் விரலைவிடச் சிறிய விரல் ஒன்றின் தடம் இருந்தது.

அந்த நேரத்தில் இராமாத்தாள் காணொளியில் அழைத்தாள். "ஏனுங்ணா, பாப்பா மூஞ்சியில ஒண்ணையுங் காணமே?"

கைபேசியைக் குழந்தையின் பாதங்களுக்குத் திருப்பினேன்.

"அட! ரெண்டு காலுலயுமா? ஒண்ணு வெச்சாப் போதுமேங்ணா."

"இந்த வீட்டில் ஒன்று வைத்தால் இரண்டாகத்தான் விழும்" என்றேன். அடுக்களையில் கயல்விழி பாத்திரம் கழுவும் ஓசை சட்டென நின்றது. சிறிது நேரம் கழித்து மீண்டும் தொடங்கியது.